உள்ளங்கை அரித்தால்

எங்கள் ஊர்ப்பக்கம் உள்ளங்கை அரித்தால் காசு வரும் என்பார்கள். உள்ளங்கால் அரித்தால் வெளியூர்ப் பயணம். நிறைமாதத்தை நெருங்குகிற ஒரு பெண்ணுக்கு ரெண்டும் சேர்ந்து, ராத்திரியானால் மட்டும், தோலில் ஒரு தடிப்புகூட இல்லாமல் அரித்தால் என்ன அர்த்தம் என்று எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. டாக்டர் சீட்டில் ‘பைல் ஆசிட்ஸ்’ என்று எழுதுவார்கள். தமிழில் பித்த அமிலம்.

ராஜபாளையத்தில் ஒரு சின்ன லேபில் ஏழு வருஷமாக வேலை பார்க்கிறேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று தினமும் ஐம்பது அறுபது பேருக்கு ரத்தம் எடுப்பேன். இந்த ஏழு வருஷத்தில் பைல் ஆசிட் கேட்டு வந்த சீட்டுகளை ரெண்டு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அதில் நாலு சீட்டு ஒரே ஆளுடையது. என் அக்கா.

நாங்கள் மம்சாபுரம். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் தெரியாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையைப் பார்த்தாற்போல் உள்ளே தள்ளி என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மில்லும் நாயும், மறுபக்கம் ஆண்டாளும் பால்கோவாவும் இருக்க, எங்கள் ஊரை ‘நடுவுல இருக்கிற ஊர்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். ஸ்கேன் எடுக்க, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க என்று எதற்கும் ரெண்டில் ஒரு ஊருக்கு பஸ் ஏற வேண்டும்.

அக்காவைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வளைகாப்பு போட்டு, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தோம். வந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் வளையல் சத்தம் நிற்கவே இல்லை. ரெண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அந்தச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதான் போடுகிறது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் அக்கா உட்கார்ந்து உள்ளங்காலைச் சீப்பால் வரட்டிக்கொண்டிருக்கிறாள். ஈரத்துண்டைக் காலில் சுற்றிக்கொண்டாள். அப்புறம் எழுந்து போய் சிமெண்டுத் தரையில் ரெண்டு உள்ளங்கையையும் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

“எத்தனை நாளாக்கா?”

“பத்து நாள் இருக்கும். பகல்ல ஒண்ணும் தெரியல பிள்ள. படுத்தா ஆரம்பிச்சுருது.”

திருப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியிருக்கிறாள். “வயிறு விரியுதுல்ல, தோல் இழுக்கும்போது அரிக்கத்தான் செய்யும்” என்று சொல்லி, அலர்ஜி மாத்திரையும் தடவுவதற்கு லோஷனும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் வயிறு அரிப்பது சாதாரணம்தான், நிறையப் பேருக்கு இருக்கும். ஆனால் வயிறு விரிந்தால் உள்ளங்கால் ஏன் அரிக்க வேண்டும்? எங்கே அரிக்கிறது என்று அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததால் அவளும் சொல்லவில்லை.

காலையில் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். “பித்த உடம்பு. பித்தம் மேல ஏறுது. சீரகத் தண்ணி குடு” என்றார் அம்மாச்சி. பக்கத்து வீட்டு அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். மச்சான் போனில், “தண்ணி மாறுனது சேரலையோ” என்றார். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

அம்மாச்சி பித்தம் என்று சொன்னதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். தமிழில் அந்தச் சொல் ரொம்ப வேலை செய்கிறது. வாதம், பித்தம், கபம் என்று வைத்தியத்தில் வருவது ஒரு பித்தம். தலைசுற்றலுக்கும் வாய்க்கசப்புக்கும் இளநரைக்கும் நாம் சொல்கிறது ஒரு பித்தம். பைத்தியத்துக்கும் பித்து, தீராத அன்புக்கும் பித்து. பெற்ற மனம் பித்து என்கிறோம். லேபில் நாங்கள் அளக்கிறது இது எதுவும் இல்லை. அது ஒரு ரசாயனம். ஆனால் அக்கா விஷயத்தில் அம்மாச்சி குருட்டாம்போக்கில் எறிந்த கல் சரியான மரத்தில்தான் பட்டிருந்தது.

*

பித்த அமிலம் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் ரத்தத்தில் அது ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பது புரியும்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. அதில் இருக்கிற முக்கியமான சரக்கு பித்த அமிலங்கள். நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ராலில் இருந்துதான் கல்லீரல் இவற்றைத் தயாரிக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு கரைக்கிற மாதிரி, சாப்பாட்டில் உள்ள கொழுப்பைக் குடலில் கரைத்துக் கொடுப்பது இவற்றின் வேலை. சாப்பிடாத நேரத்தில் பித்தப்பையில் காத்திருக்கும். சாப்பிட்டதும் பை சுருங்கிக் குடலுக்குள் ஊற்றிவிடும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் விசேஷம். வேலை முடிந்த பித்த அமிலத்தை உடம்பு வெளியே தள்ளிவிடுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை உறிஞ்சி, ரத்தம் வழியாகத் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது. உடம்பில் மொத்தமாக இருப்பது ரெண்டு மூன்று கிராம்தான். தினமும் புதிதாகத் தயாராவது அரை கிராம் அளவு. இந்தக் கொஞ்சம் சரக்கே ஒரு நாளைக்கு ஆறு முதல் பத்துத் தடவை சுற்றி வந்து வேலை பார்க்கிறது. எங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி. இருக்கிறது ஒரு பஸ், அது எத்தனை நடை அடிக்கிறது என்பதில்தான் ஊர் ஓடுகிறது.

திரும்பி வருகிற பித்த அமிலத்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் வாசலிலேயே பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். தப்பிப் பொது ரத்தத்துக்கு வருவது கொஞ்சம்தான். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்குக் கீழே இருக்கும். நாங்கள் அளப்பது இப்படித் தப்பி வந்ததைத்தான். ஆகவே ரிப்போர்ட்டில் எண் மாறியிருந்தால் அது ஒரு நோயின் பெயர் ஆகாது. சுற்றுவட்டப் பாதையில் எங்கோ கோளாறு என்பது மட்டும் தெரியும். எங்கே என்பதைத் தேட வேண்டும்.

முதல் காரணம் சாதாரணம், சாப்பாடு. சாப்பிட்ட பிறகு எல்லோருக்கும் இது ஏறும். ரத்தம் கொடுத்தவர் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாரா இல்லையா என்பதை எழுதாமல் விட்டால் எண்ணைத் தப்பாக வாசிக்க நேரும்.

அடுத்தது, கல்லீரல் பிடிக்க முடியாமல் தளர்ந்துபோவது. வைரஸ் மஞ்சள்காமாலை, பல வருஷக் குடி, சுருங்கிப்போன கல்லீரல் என்று எதுவாக இருந்தாலும், வாசலில் பிடிக்க வேண்டிய செல்கள் செத்தோ சோர்ந்தோ இருந்தால் பித்த அமிலம் ரத்தத்தில் தங்கிவிடும்.

மூன்றாவது, கல்லீரலில் இருந்து வெளியே போகிற வழி அடைபடுவது. குழாயில் கல், கட்டி, குழாய்களே உள்ளுக்குள் அழிந்துபோகிற நோய்கள், சில மருந்துகள். பிறந்த குழந்தைகளுக்குப் பித்தக்குழாய் அடைபட்டுப் போகிற நோய் ஒன்று உண்டு. ரெண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லை, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகிறது என்றால் ‘வெயில்ல காட்டுங்க’ என்று காத்திருக்கக் கூடாது. இதற்கான அறுவை சிகிச்சையை ஜப்பானில் மோரியோ கசாய் 1950-களில் கண்டுபிடித்தார். குழந்தைக்கு அறுபது நாள் ஆவதற்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

நாலாவது, பைபாஸ். குடலில் இருந்து வருகிற ரத்தக்குழாய் கல்லீரலுக்குப் போகாமல் நேராகப் பொது ரத்தத்தில் சேர்ந்துவிடுவது. மனிதர்களில் பிறவியிலேயே இப்படி இருப்பது அபூர்வம். நாய்களிடம் அதைவிட அதிகமாகப் பார்க்கலாம். பித்த அமிலப் பரிசோதனையை ரொம்பவும் பயன்படுத்துகிறவர்களில் கால்நடை மருத்துவர்கள் உண்டு. நாய்க்கு வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பாடு போட்டு ரெண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். 2005-இல் தபால்தலையில் வந்த நாய் எங்கள் ராஜபாளையம் நாய். அந்த ஊர் லேபில் உட்கார்ந்துகொண்டு, ‘இது மனுசனைவிட நாய்க்குத்தான் அதிகம் எடுக்கிற டெஸ்ட்’ என்று முதன்முதலில் படித்தபோது சிரிப்புதான் வந்தது.

எண் குறைவதற்கும் காரணம் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதி பழுதானால் பித்த அமிலம் திரும்பி வராமல் மலத்தோடு போய்விடும். க்ரோன் நோய் அங்கே வரும், குடல் காசநோயும் அதே இடத்தில்தான் பெரும்பாலும் உட்காரும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் இப்படி ஆகும். இன்னும் அபூர்வமாக, பித்த அமிலத்தைத் தயாரிக்கிற நொதியே பிறவியில் இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள்.

கடைசியாக கர்ப்பம். கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பல மடங்கு ஏறுகின்றன. கல்லீரல் செல்லில் இருந்து பித்த அமிலத்தை வெளியே தள்ளுவதற்கு ஒரு பம்ப் இருக்கிறது. இந்த ஹார்மோன்களும் அவற்றின் கழிவுகளும் அந்தப் பம்பை மந்தமாக்குகின்றன. பெரும்பாலோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. பம்பைச் செய்கிற மரபணுவில் சின்ன மாறுதல் உள்ளவர்களுக்கு, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், பித்த அமிலம் ரத்தத்துக்குள் பின்வாங்குகிறது. கர்ப்பகாலப் பித்தத்தேக்கம் என்று சொல்லலாம். அறிகுறி அரிப்புதான். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கும், ராத்திரியில் கூடும். அலர்ஜியில் வருகிற அரிப்பு வேறு வகை என்பதால் அலர்ஜி மாத்திரை தூக்கத்தைக் கொடுக்குமே தவிர அரிப்பை நிறுத்தாது.

எல்லோரும் குழம்புகிற ஓர் இடமும் உண்டு. மஞ்சள்காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவது பிலிருபின். செத்த ரத்தச் சிவப்பணுவில் இருந்து வருகிற நிறமி அது. பித்த அமிலம் கொலஸ்ட்ராலில் இருந்து வருவது, அதற்கு நிறம் சேர்க்கிற வேலை இல்லை. ரெண்டும் ஒரே பித்தநீரில் போனாலும் வேறு வேறு பொருட்கள். அக்காவுக்குக் கண் வெள்ளையாகத்தான் இருந்தது. பிலிருபின் நார்மல். கல்லீரல் நொதி எஸ்.ஜி.பி.டி. மட்டும் மூன்று மடங்கு ஏறியிருந்தது. கண் மஞ்சளாகவில்லையே என்று இருந்துவிட முடியாது.

*

மறுநாள் விடிந்ததும் நானே அக்காவுக்கு ரத்தம் எடுத்தேன். எல்.எஃப்.டி. எங்கள் லேபிலேயே பார்த்தாயிற்று. பைல் ஆசிட் இங்கே செய்வதில்லை. மஞ்சள் மூடி டியூபில் ரத்தத்தைச் சுழற்றி, சீரத்தைப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து சாயங்கால வண்டியில் வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர மூன்று நாள். நகரத்தில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு இந்த மூன்று நாள் ஒரு விஷயமாகத் தெரியாது. மம்சாபுரத்தில் அந்த மூன்று ராத்திரியும் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வந்த எண் 46.

அதே நாள் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு மகப்பேறு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். ரிப்போர்ட்டை வாங்குவதற்கு முன்பே அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, “இங்கதான அரிக்குது? ராத்திரிதான?” என்று கேட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கேன் எடுத்தார், பித்தக்கல் இல்லை. மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். கர்ப்பிணிக்குக் கல்லீரல் கெட்டால் நம் நாட்டில் முதலில் ஹெபடைடிஸ் ஈ வைரஸைத் தள்ளிவைக்க வேண்டும். தண்ணீரில் பரவுவது அது. 1955–56-இல் டில்லிக் குடிநீரில் சாக்கடை கலந்து 29,000 பேருக்கு மஞ்சள்காமாலை வந்தது இதனால்தான் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களுக்கு வந்து போகிற அந்த நோய் கர்ப்பிணிகளைக் கொல்லக்கூடியது. ரத்தக்கொதிப்போடு சேர்ந்து கல்லீரல் கெடுகிற கர்ப்பக் கோளாறுகளும் உண்டு. அக்காவுக்கு இவை எதுவும் இல்லை.

கீழாநெல்லி கொடுக்கலாமா என்று அம்மா கேட்டார். டாக்டரம்மா திட்டவில்லை. கீழாநெல்லி வெறும் கைவைத்தியமாக மட்டும் இருந்த செடி இல்லை. 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பெர்கோடு சேர்ந்து, அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார்கள். 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்ததாக முடிவு. வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. “அது வைரஸுக்குப் பார்த்ததும்மா. இவளுக்கு வைரஸே இல்லையே. வயித்துல பிள்ளையோட அதெல்லாம் வேண்டாம்” என்றார்.

கொடுத்த மாத்திரை உர்சோடியாக்சிகாலிக் ஆசிட். அதுவும் ஒரு பித்த அமிலம்தான், உடம்புக்குச் சாதுவானது. உர்சஸ் என்றால் லத்தீனில் கரடி. சீன, ஜப்பானிய வைத்தியத்தில் கரடிப் பித்தம் பழைய மருந்து. 1927-இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஷோடா அதில் இருந்து இந்த அமிலத்தைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார். இப்போது இந்த மாத்திரையை மாட்டுப் பித்தத்தில் இருந்து எடுக்கிற அமிலத்தை மாற்றித்தான் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். நம் வீடுகளில் கைப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் இழைத்து நாக்கில் தடவுகிற கோரோசனையும் மாட்டின் பித்தப்பையில் விளைகிற கல்தான். அம்மாச்சியின் பெட்டியில் ஒரு துண்டு இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கரடி, இந்தப் பக்கம் மாடு, நடுவில் அக்காவின் மாத்திரை அட்டை.

இந்த மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணிக்கும். பிள்ளையைக் காப்பாற்றுமா என்று 2019-இல் இங்கிலாந்தில் 600-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் சோதித்தார்கள். பிள்ளைக்கு வருகிற ஆபத்து அதனால் குறையவில்லை. ஆகவே மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, வாரா வாரம் எண்ணைப் பார்க்க வேண்டும். மாத்திரையில் இருப்பதும் பித்த அமிலம் என்பதால் பரிசோதனை அதையும் சேர்த்தே எண்ணும். மாத்திரை எடுக்கிறாள் என்று சீட்டில் எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்த வாரம் 71. அதற்கடுத்த வாரம் 118.

*

அரிப்பு அம்மாவுக்கு, ஆபத்து பிள்ளைக்கு. இந்த நோயின் கொடுமை இதில்தான் இருக்கிறது. தாய்க்குத் தூக்கம் போகும், தோல் புண்ணாகும், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகாது. பிரசவம் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் ஏறின பித்த அமிலம் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. அது பிள்ளையின் இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்று கருதுகிறார்கள். குலைந்தால் திடீரென்றுதான் குலையும். முந்தின நாள் ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருந்திருக்கும்.

எந்த எண்ணில் ஆபத்து என்பது 2019-இல் லான்செட்டில் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகுதான் தெளிவானது. பல நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பித்த அமிலம் 40-க்குக் கீழே இருந்தவர்களில் பிள்ளை வயிற்றில் இறந்தது 0.13 சதவீதம். 40 முதல் 99 வரை 0.28 சதவீதம். 100-ஐத் தொட்டவர்களில் 3.44 சதவீதம். இதை வைத்துத்தான் இப்போது இங்கிலாந்து வழிகாட்டுதலில் 100-ஐத் தாண்டினால் 35, 36-ஆம் வாரத்தில் பிரசவம் பார்க்கச் சொல்கிறார்கள். குறைவாக இருந்தால் நாள் நெருங்கும் வரை பொறுக்கலாம். இதில் இன்னொன்று, அரிப்பு எவ்வளவு என்பதும் எண் எவ்வளவு என்பதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. லேசாக அரிக்கிறவளுக்கு எண் அதிகமாக இருக்கலாம். அரிப்பு சந்தேகத்தை எழுப்பும், அளவைச் சொல்ல ரத்தம்தான் வேண்டும்.

118 வந்த அன்று அக்காவுக்கு 35 வாரம் முடிய நாலு நாள் பாக்கி. பிள்ளையின் நுரையீரல் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டு, 36 வாரம் பிறந்ததும் வலி வரவழைக்கலாம் என்றார் டாக்டரம்மா. மச்சான் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. “நாள் நிறையாம எதுக்கு எடுக்கணும்? ஸ்கேன்ல பிள்ளை நல்லாத்தானே இருக்கு? வெறும் அரிப்புக்கா?” அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சீக்கிரம் பிறக்கிற பிள்ளைக்கும் மூச்சுத்திணறல், மஞ்சள் என்று ஆபத்து உண்டு. நான் அந்தச் சதவீதங்களைச் சொன்னேன். நூறு பேரில் மூணு நாலு பேர். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, நூற்றில் மூன்று என்பது கேட்கிறவர் காதில் சின்ன எண்ணாகத்தான் விழுகிறது.

அப்போதுதான் அம்மா பேசினார்.

“எனக்கும் இப்பிடித்தான் அரிச்சுச்சு.”

1991. அக்காவுக்கு முன்னால். எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்து போனது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறோம், வீட்டில் யாரும் அதைப் பேசினதில்லை. ஒன்பதாம் மாதம் உள்ளங்கையும் காலும் அரிக்க, வேப்பிலை அரைத்துப் பூசியிருக்கிறார். சோளச்சக்கையை வைத்துச் சொறிந்திருக்கிறார். சூடு என்றார்கள், பித்தம் என்றார்கள். நாள் நிறைய ரெண்டு வாரம் இருக்கையில் ஒரு நாள் விடியக்காலை பிள்ளை அசையவில்லை. ஆண்பிள்ளை. உச்சி வெயிலில் புளியமரத்தடி வழியாகத் தோட்டத்துக்குப் போனாள், அதான் என்று ஆச்சி வீட்டு ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். “நானும் அதத்தான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்” என்றார் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல்.

“எங்க ரெண்டு பேருக்கும் அரிச்சுச்சாம்மா?”

“இவளுக்கு லேசா இருந்துச்சு. ஒனக்கு இல்ல.”

1991-இல் மம்சாபுரத்தில் இதற்கு ரத்தம் எடுத்துப் பார்க்க வழி இல்லை. அந்தப் பிள்ளை இதனால்தான் போனது என்று இன்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய் குடும்பத்தில் ஓடுகிறது. தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அடுத்த கர்ப்பத்திலும் வரும். இங்கிலாந்தில் பொதுவாக நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்கும் குறைவாக வருகிறது, அதே நாட்டில் இந்திய, பாகிஸ்தானிய வழிப் பெண்களிடம் ஏறக்குறைய அதைப் போல ரெண்டு மடங்கு. சிலி நாட்டின் அரௌக்கானியப் பழங்குடிப் பெண்களிடம் 1970-களில் நூற்றுக்கு 27 பேர் வரை இருந்தது. பிறகு அங்கே வெகுவாகக் குறைந்தது. உணவில் செலினியம் கூடியது காரணமாக இருக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். மரபணு, சாப்பாடு, பருவகாலம் எல்லாம் சேர்ந்து நடக்கிற காரியம். புளியமரம் இந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மச்சானின் அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “டாக்டரம்மா சொல்றபடி செய்ங்க மதினி” என்றார் அம்மாவிடம். நான் சொன்ன சதவீதத்தால் நடக்காதது அம்மாவின் ஒரு வாக்கியத்தில் நடந்தது.

*

ஊசி போட்டார்கள். பித்தம் குடலுக்குச் சரியாகப் போகாதபோது வைட்டமின் கே உடம்பில் சேராது, பிரசவத்தில் ரத்தம் உறையாமல் போகலாம் என்று அதற்கும் பார்த்து மருந்து கொடுத்தார்கள். 36 வாரம் பிறந்த அன்று வலி வரவழைத்தார்கள். மறுநாள் விடியக்காலை பெண்பிள்ளை, 2 கிலோ 250 கிராம். மூன்று நாள் வார்மரில் வைத்துக் கொடுத்தார்கள். ரெண்டாவது ராத்திரியே அக்காவுக்கு அரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாசம் கழித்து முதல்முறையாக முழு ராத்திரி தூங்கினாள்.

ஆறு வாரம் கழித்து நாலாவது சீட்டு. அன்று எண் 6. பிரசவம் முடிந்தும் எண் இறங்காமல் இருந்தால் கல்லீரலில் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடைசிப் பரிசோதனை. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சிலருக்கு இதே அரிப்பைக் கொண்டுவரலாம், எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள் என்று டாக்டரம்மா அக்காவிடம் சொன்னார். என்னைப் பார்த்து, “ஒனக்கும்தான்” என்றார்.

டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். அன்று ராத்திரி அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

“இதுக்குப் பின்னால தமிழ்ல எழுது. ஒனக்கு நேரம் வரும்போது காட்டணும்ல. நான் இருப்பனோ என்னவோ.”

எழுதினேன். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு. ராத்திரி அதிகம். தடிப்பு இல்லை, கண் மஞ்சள் இல்லை. பித்த அமிலம் 46, 71, 118. 36 வாரத்தில் பிரசவம். பிள்ளை நலம். பிறகு 6.

அம்மா வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மேல என்னோடத எழுது. தொண்ணூத்தி ஒண்ணு. ஆம்பளப்பிள்ளைன்னு எழுது.”

இடம் இல்லை. ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினேன். அந்தச் சீட்டு இப்போது ரேஷன் கார்டு இருக்கிற பாலித்தீன் கவரில் இருக்கிறது.